ஊமைப்படமும் நேரடி ஆர்கனும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் கிறிஸ்தவக் கோயில் மண்டபங்களில், பள்ளி அரங்குகளில் பழைய ஊமைப்படங்களைத் திரையிட்டு, கூடவே ஆர்கன் வாசித்துவருகிறோம் நாங்கள் சிலர். படம் முடிந்ததும் ஆட்கள் வாசலிலேயே நின்று கேள்வி கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் கடைசி பஸ் போய்விடும். அதனால் வழக்கமாக வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறோம்.

இது என்ன நிகழ்ச்சி? கச்சேரியா, சினிமாவா?

இரண்டும்தான். திரையில் சத்தமில்லாத படம் ஓடும். பக்கத்தில் ஒருவர் ஆர்கனில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே அந்த நேரத்தில் கைக்கு வருவதை வாசிப்பார். எழுதிவைத்த இசை கிடையாது. இன்று வாசித்ததை நாளைக்கு அப்படியே திரும்ப வாசிக்கச் சொன்னால் முடியாது.

அந்தக் காலத்தில் ஊமைப்படத்தைச் சத்தமே இல்லாமலா பார்த்தார்கள்?

இல்லவே இல்லை. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டியபோதே அருகில் பியானோ வாசித்தார்கள். அடுத்த வருஷமே, 1896 ஜூலையில், அந்தப் படங்கள் பம்பாய் வாட்சன் ஹோட்டலுக்கு வந்துவிட்டன. நம் பக்கத்தில் படம் காட்டிய முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வே வேலையில் இருந்தவர், 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் இருந்த கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டினார். அவரிடம் இருந்தவற்றில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படமும் ஒன்று.

நம் நாட்டுக் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபலாவும் இருக்கும். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, எழுத்து வரும்போதெல்லாம் உரக்க வாசித்துக் கதை சொல்வார். கூட்டம் சத்தம் போடும், அழும், சிரிக்கும். படத்தில்தான் ஒலி இல்லை. கொட்டகையில் சத்தத்துக்குக் குறைவே கிடையாது. 1931இல் பேசும் படம் வந்ததும் இந்த ஆர்மோனியக்காரர்களுக்கும் கதை சொல்லிகளுக்கும் கொட்டகையில் வேலை இல்லாமல் போனது.

ஏன் ஆர்கன்? கீபோர்டு, வயலின், தவில் எதுவும் ஆகாதா?

எல்லாம் ஆகும். ஆனால் ஆர்கனுக்கு இரண்டு வசதிகள் உண்டு.

முதலாவது, அதன் ஓசை தேயாது. பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஓசை எழுந்து தானே அடங்கிவிடும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை நிற்கும். திரையில் ஒரு பெண் ஜன்னலோரம் யாருக்காகவோ காத்து நிற்கிறாள், எதுவும் நடக்கவில்லை, ஒரு நிமிஷம் அப்படியே போகிறது. அங்கே இடக்கையில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். அந்தச் சுரமே காத்திருப்பாகிவிடும்.

இரண்டாவது, ஒரே ஆள் ஒரு வாத்தியக் குழுவின் வேலையைச் செய்யலாம். அமெரிக்காவில் பெரிய தியேட்டர்காரர்கள் இதைத்தான் கணக்குப் போட்டார்கள். ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் வகுத்த முறையில், உர்லிட்சர் நிறுவனம் தியேட்டருக்கென்றே தனி ஆர்கன்கள் செய்தது. மொத்தம் இரண்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். புல்லாங்குழல், எக்காளம் போன்ற குரல்கள் மட்டுமல்ல, மத்தளம், மணி, பறவைச் சத்தம், குதிரைக் குளம்பு, ரயில் ஊதல் எல்லாவற்றுக்கும் அதில் பொத்தான் உண்டு. 1924இல் எர்னோ ரப்பே என்பவர் பியானோ, ஆர்கன் வாசிப்பவர்களுக்காக ஒரு பெரிய இசைத் தொகுப்பு வெளியிட்டார். துரத்தல், காதல், புயல், சாவு என்று சூழ்நிலைகளின் பட்டியல் பக்க ஓரத்திலேயே இருக்கும், எதிரே பக்க எண். படம் ஓடும்போதே புரட்டி எடுத்துக்கொள்ள அந்த ஏற்பாடு.

அப்படிப்பட்ட பெரிய குழாய் ஆர்கன் இங்கே எங்கே இருக்கிறது?

அது தேவையே இல்லை. நம் ஊர்க் கோயில்களில் இருப்பது போதும்.

காலால் மிதித்து, காற்றில் அதிரும் பித்தளைத் தகடுகளால் (ரீட்) ஒலிக்கும் பழைய ரீட் ஆர்கன் நல்ல நிலையில் இருந்தால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் முதலில் திறந்து பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பித்தளை ரீடைக் கறுக்கவைத்துவிடும். சுரம் கொஞ்சம் இறங்கும், சில கட்டை ஊமையாகும். துருத்தித் துணியை எலியும் கரப்பானும் தின்றிருக்கும். மழைக்காலத்தில் மரம் ஊதிக் கட்டைகள் அழுத்தினால் எழும்பாது. ஊமைக் கட்டைகள் நாலைந்து இருந்தால்கூடப் பரவாயில்லை, எவை என்று தெரிந்துகொண்டு அவற்றைத் தொடாமல் வாசிக்கலாம். துருத்தி ஓட்டைதான் ஆபத்து. அமைதியான காட்சியில் புஸ் புஸ்ஸென்று மூச்சுவிடும்.

மின்சாரக் கீபோர்டு என்றால் மூன்று விஷயம். ஸ்டைலை அணைத்துவிடுங்கள்; தானாக ஓடும் தாளம் படத்தோடு ஒருநாளும் சேராது. சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைச் சுழியத்தில் வையுங்கள். வால்யூம் பெடல் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஆர்கனில் உணர்ச்சி ஏறுவதும் இறங்குவதும் விரலில் இல்லை, காலில்தான் இருக்கிறது. ஆர்கன் குரல்களில் இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்துகொண்டால் போதும். நூறு குரல் இருக்கிறதே என்று காட்சிக்கு ஒன்று மாற்றினால் பார்ப்பவர்களுக்குப் படம் மறந்துபோகும்.

முன்கூட்டி எழுதாமல் ஒரு மணி நேரம் எப்படி வாசிக்க முடிகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்: உங்கள் கோயில் ஆர்கனிஸ்டைக் கவனியுங்கள். அவர் இதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செய்கிறார்.

காணிக்கை எடுக்கும்போது பாமாலையின் கடைசி சரணம் முடிந்துவிடுகிறது. காணிக்கைப் பை இன்னும் பின் வரிசைக்குப் போகவில்லை. அவர் நிறுத்துவதில்லை. கடைசி வரியின் மெட்டைப் பிடித்து, அதை மெதுவாக வேறொன்றாக்கி, அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார். முன்னால் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருப்பார், அதில் நடைபாதை தெரியும். பை எடுத்தவர்கள் பீடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியதும் மெட்டைத் திருப்பி, அவர்கள் வந்து நிற்கவும் சுரம் வந்து முடியவும் சரியாக இருக்கும். நற்கருணை நேரத்தில் இதைவிட நீளம். வரிசை எவ்வளவு, எத்தனை முதியவர்கள் எழுந்து வர வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. கண் ஆட்களைப் பார்க்கும், கை வாசிக்கும். ஊமைப்படத்துக்கு வேண்டிய அடிப்படைத் திறமை இதுதான். நடைபாதைக்குப் பதில் திரை, அவ்வளவுதான். வெளிநாட்டுக் கலையைப் புதிதாகக் கொண்டுவருகிறோம் என்ற எண்ணம் எங்களுக்குச் சுத்தமாக இல்லை. இதற்கான கைகள் மாவட்டம் முழுக்க இருக்கின்றன, அவர்களிடம் யாரும் திரையைக் காட்டவில்லை.

ஆயத்தம் உண்டு. படத்தை முதலில் சத்தமில்லாமல் முழுவதும் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு தாளில் சுரம் எழுதாமல் சம்பவங்களை மட்டும் எழுத வேண்டும்: "கதவு திறக்கும், நிறுத்து", "கடிதம், காத்திரு", "ஆறு, இடக்கை". முக்கியமான ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன மெட்டு, நாலு சுரம் இருந்தால் தாராளம். அதே மெட்டைக் கீழ்ஸ்தாயியில் மெதுவாக வாசித்தால் அவர் துயரம். வேகமாக மேலே வாசித்தால் அவர் ஓட்டம். ஒரு படத்துக்கு மூன்று நாலு மெட்டுக்கு மேல் வேண்டாம்.

புதிதாக வாசிப்பவர்கள் செய்வது முந்திப்போவது. கடிதம் வந்தவுடனே சோகம் வாசித்துவிடுவார்கள். அவள் இன்னும் உறையைப் பிரிக்கவில்லை! நமக்குக் கதை தெரியும், அவளுக்குத் தெரியாது. அவள் முகம் மாறும்வரை கை காத்திருக்க வேண்டும். அதேபோலக் காட்சித் துண்டு மாறும்போதெல்லாம் இசையை மாற்றவும் கூடாது. இடம் மாறினால், மனம் மாறினால் மட்டும் மாற்றினால் போதும்.

அப்புறம் மௌனம். முழுப் படத்திலும் ஓரிரு இடங்களில் கையை எடுத்துவிட வேண்டும். அரை மணி நேரம் விடாமல் ஒலித்த ஆர்கன் நின்றால் மண்டபமே நிமிர்ந்து உட்காரும். அந்த இடம் எது என்று தேர்ந்தெடுப்பதில்தான் நல்ல வாசிப்பும் சாதாரண வாசிப்பும் பிரிகின்றன என்பது என் எண்ணம்.

ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

தாதாசாகேப் பால்கே 1919இல் எடுத்த 'காளிய மர்தன்'. குழந்தைக் கண்ணனாக நடித்தது அவர் மகள் மந்தாகினி. கதை தொடங்குமுன் ஏழு வயதுச் சிறுமியின் முகபாவங்கள் என்று அறிவித்துவிட்டு, அந்தப் பிள்ளையின் முகத்தை மட்டும் காட்டுவார்கள். சிரிப்பு, கோபம், அழுகை என்று முகம் மாறிக்கொண்டே போகும். பின்னணியில் வேறு எதுவும் இல்லை.

இதற்கு வாசிப்பது பாம்புச் சண்டைக்கு வாசிப்பதைவிடக் கடினம். பாவத்துக்கு ஒரு மெட்டு என்று போனால் பள்ளிக்கூட ஆண்டுவிழா போலாகிவிடும். நாங்கள் செய்வது இது: இடக்கையில் ச-ப இரண்டையும் பிடித்துவிடுவது, கடைசிவரை எடுப்பதில்லை. வலக்கையில் ஒரே ஒரு சுரம், அந்தர காந்தாரம், அதாவது மேல் காந்தாரம். முகம் சுருங்கத் தொடங்கும்போது அதைச் 'சாதாரண காந்தாரம்' எனப்படும் கீழ்க் காந்தாரமாக இறக்குவது. முகம் மலரும்போது திரும்ப ஏற்றுவது. அரைச் சுரம்தான் வித்தியாசம், ஆனால் பிள்ளையின் முகத்தோடு சேர்ந்து கேட்கும்போது முன் பெஞ்சில் இருக்கும் சின்னப் பிள்ளைகளும் முகத்தை அப்படியே சுருக்கி விரிப்பதைப் பார்க்கலாம்.

அப்புறம் கண்ணன் மடுவில் குதிக்கிறான், தண்ணீருக்குள் பாம்போடு போராட்டம், கரையில் ஊரே பதறுகிறது. இங்கே புன்னாகவராளி ராகத்தை எடுத்தால் போதும், மகுடி மெட்டைத் தெரியாதவர்கள் நம் பக்கம் யார் இருக்கிறார்கள்?

கர்நாடக ராகங்களை ஆர்கனில் வாசித்தால் கமகம் (சுரத்தை அசைத்து, இழைத்துப் பாடுவது) போய்விடுமே?

போகும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஆர்கனால் போக முடியாது. இந்தக் குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தையே விலக்கிவைத்தது. 1971க்குப் பிறகுதான் ஓரளவு திரும்ப அனுமதித்தார்கள். அதனால் தோடி, சகானா போன்றவற்றை விட்டுவிடுங்கள். மோகனம், ஹம்சத்வனி, சுத்த சாவேரி போன்றவை கட்டையில் நன்றாகவே நிற்கும். கீர்த்தனை மெட்டுகளும் அப்படியே. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த பாட்டை முழுதாக வாசிக்க வேண்டாம். கூட்டம் மனசுக்குள் வரிகளைப் பாட ஆரம்பித்துவிடும், கண் திரையை விட்டுவிடும்.

எந்தப் படங்கள் நல்லவை?

பிள்ளைகள் நிறைய இருந்தால் பஸ்டர் கீட்டனின் 'தி ஜெனரல்' (1926). ரயில் ஓட்டமும் துரத்தலும், நாயகன் ஒருமுறைகூடச் சிரிக்கமாட்டார், கூட்டம் சிரித்துக்கொண்டே இருக்கும். தவக்காலத்தில் கார்ல் டிரையர் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படம் (1928). பெரும்பகுதி முகங்கள்தான், ஆர்கனுக்கென்றே எடுத்தது போலிருக்கும். அதன் மூல நெகட்டிவ் தீயில் போய்விட, 1981இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் நல்ல பிரதி கிடைத்தது. முதல் முறை நடத்துபவர்கள் 'காளிய மர்தன்'. கிடைத்திருக்கும் பகுதி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கதையும் தெரிந்த கதை.

நம் மாவட்டத்துக்கும் ஊமைப்படத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

இதைக் கேட்காமலேயே நாங்கள் சொல்லிவிடுவோம். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடும் ஜே. சி. டேனியல் நம் அகஸ்தீஸ்வரத்தோடு சேர்ந்தவர். அவர் கண்மூடியதும் அங்கேதான், 1975இல். திருவிதாங்கூர் ராஜ்ஜியமாக இருந்த காலத்தில், சொத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ வைத்து, 'விகதகுமாரன்' என்ற படத்தை எடுத்தார். எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, நடித்ததும் அவரே. 1928 என்றும் 1930 என்றும் வெளியான வருஷத்துக்கு இரண்டு கணக்கு உண்டு.

நாயகியாக நடித்த பி. கே. ரோசி ஒரு தலித் பெண். அவர் நாயர் பெண்ணாக நடித்ததை மேல்சாதிக்காரர்கள் பொறுக்கவில்லை. தியேட்டரில் திரையைக் கல்லெறிந்து கிழித்தார்கள். ரோசி ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று, பிறகு சினிமாவில் நடிக்கவில்லை. டேனியல் கடனில் மூழ்கி, பின்னாளில் பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். அந்தப் படத்தின் சுருள் எதுவும் இன்று இல்லை. ரோசியின் முகத்தைத் திரையில் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

இன்னொரு படம் தப்பியது. 'மார்த்தாண்ட வர்மா', 1933, தயாரித்தவர் ஆர். சுந்தர்ராஜ். சி. வி. ராமன் பிள்ளையின் நாவல்தான் கதை. நாவலைப் பதிப்பித்தவர்கள் உரிமை கேட்டு வழக்குப் போட, படம் ஓடாமல் நின்றுபோனது. 1974இல் பி. கே. நாயர் அதைக் கண்டெடுத்துப் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார். மார்த்தாண்ட வர்மா ஆண்ட பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் படத்தை முறைப்படி அனுமதி வாங்கி, அரண்மனைக்கு அருகிலேயே திரையிட்டு, நம் ஊர் ஆள் ஒருவர் ஆர்கன் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

திரையில் வரும் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தால் பாட்டிமார்களுக்குப் புரியுமா?

ஒருவர் மைக்கில் தமிழில் சொல்வார். நம் பக்கம் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்த மாவட்டம், கதை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ஒரே நிபந்தனை: எழுத்து இருக்கும் நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். நடிகர் முகம் வந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தால் ஆர்கன்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆட்கள் ஏன் குடுகுடுவென்று ஓடுகிறார்கள்?

அந்தக் காலக் கேமராவைக் கையால் சுற்றினார்கள், விநாடிக்குப் பதினாறு முதல் இருபது படங்கள் வரை. பேசும் படம் வந்தபின் 24 என்று நிலையானது. பழைய படத்தை 24இல் ஓட்டினால் எல்லாரும் ஓடத்தான் செய்வார்கள். ஆயிரம் அடிச் சுருள் 16 வேகத்தில் கிட்டத்தட்ட பதினேழு நிமிஷம் வரும், 24இல் பதினொரு நிமிஷத்தில் முடிந்துவிடும். சரியான வேகத்தில் மாற்றிய பிரதியைத் தேடி எடுங்கள். வேகம் தப்பினால் அழுகைக் காட்சியும் சிரிப்பாகிவிடும்.

கோயிலுக்குள் சினிமா போடலாமா?

அது போதகரும் கமிட்டியும், அல்லது பங்குத்தந்தையும் பங்குப் பேரவையும் முடிவு செய்ய வேண்டியது. நாங்கள் பெரும்பாலும் பக்கத்து மண்டபத்தைத்தான் கேட்போம். கோயிலுக்குள்ளேயே அனுமதித்தால் பீடத்தை மறைக்காமல் பக்கச் சுவரில் திரை கட்டுவோம்.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியச் சட்டப்படி ஒரு படத்துக்கு, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டுகள்தான் உரிமை. ஊமைப்படங்கள் எல்லாம் அதைத் தாண்டியவை. ஆனால் இப்போது வரும் டிஸ்க்குகளில் புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை இருக்கும், ஒலியை அணைத்துவிட்டே ஓட்டுங்கள். காப்பகப் பிரதி என்றால் எழுத்தில் அனுமதி வேண்டும். டிக்கெட் வைத்துப் பொதுக் காட்சியாக நடத்துவதென்றால் தணிக்கைச் சான்றிதழ், அரங்க உரிமம் இரண்டையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிவரலாமா? சத்தம் போடுவார்களே?

தாராளமாக. சத்தம் போடட்டும்.

எங்கள் ஊரில் நடத்த என்ன வேண்டும்?

முதலில் காலம். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட மண்டபத்தில் மழை விழுந்தால் ஆர்கன் கேட்காது. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் திறந்தவெளியில் திரை கட்டவே கூடாது, காற்று கிழித்துவிடும். தை முதல் பங்குனி வரை நல்லது. சூரியன் மறைந்து நன்றாக இருட்டிய பிறகு தொடங்குங்கள்.

மண்டபத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். ஓசை நெடுநேரம் சுற்றினால் வேகமான வாசிப்பு எல்லாம் குழம்பும், நீண்ட சுரங்களாக வாசிக்கச் சொல்லுங்கள். ஆர்கனைத் திரைக்குப் பக்கவாட்டில், வாசிப்பவர் கழுத்தைத் திருப்பாமல் பார்க்கும்படி வையுங்கள். முடியாவிட்டால் கோயிலில் மாட்டும் அதே கண்ணாடி உதவும். கட்டைகளுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு, அதன் வெளிச்சம் திரையில் விழாமல் அட்டையால் மறைத்து. ஜெனரேட்டர் இருந்தால் மண்டபத்துக்குப் பின்னால் எவ்வளவு தூரம் கேபிள் எட்டுமோ அவ்வளவு தள்ளி. கரண்ட் போனால் படம் நின்றுவிடும், மிதி ஆர்கன் நிற்காது. அப்போது வாசிப்பவர் நிறுத்தாமல் அதே மெட்டை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தால் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

வாசிக்க உங்கள் ஊர் ஆர்கனிஸ்டையே கேளுங்கள். தயங்குவார். ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் படத்தைக் கொண்டுபோய், பத்து நிமிஷம் ஓட்டி, காணிக்கை நேரத்தில் வாசிப்பதை வாசியுங்கள் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.